வெயில் இறைக்கும் தண்ணீர்



பரவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போய் அரைக்கீரை, மல்லித்தழை, புதினா வாங்கி வருகிறார். ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறார். அவ்வப்போது தண்ணீரும் தெளிக்கிறார். அப்படியும் பத்து மணிக்குள் எல்லாம் துவண்டுபோகிறதாம். "வயக்காட்டுல அந்த வெயில்ல வாடாம நிக்கிற கீரை, வீட்டு நிழல்ல ஏன் சார் வாடுது?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். முந்நூறு ஆண்டுகளாகப் பெரிய பெரிய அறிவியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தின் வாசலில் போய் நிற்கிறது அவர் கேள்வி.

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. பரவை என்றதும் நாட்டுப்புறப் பாடகி முனியம்மாவின் கணீர்க் குரல் காதில் ஒலிக்காத தமிழர் குறைவு. ஊர்க்காரர்களுக்கோ பரவை என்றால் மொத்தக் காய்கறி மார்க்கெட். இரவெல்லாம் வண்டிகள் வந்து நிற்கும், மூட்டைகள் இறங்கும், சில்லறை வியாபாரிகள் இருட்டோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே இறங்கும் கத்தரி, வெண்டை, முருங்கை, கட்டுக்கட்டான கீரை எல்லாவற்றுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. நேற்று மாலை வரை வேரிலிருந்து இலை நுனி வரை அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு நீர்ச்சரடு, அரிவாள் பட்ட நொடியில் அறுந்துபோனது. வாசகியின் கீரை வாடுவதற்குக் காரணம் அதுதான். அந்தச் சரடு எப்படி ஓடியது என்பது தெரிந்தால், எதைச் செய்தால் கீரை நிமிரும் என்பதும் தெரிந்துவிடும்.

தண்ணீரைச் செடியின் வேர்தான் கீழிருந்து மேலே தள்ளுகிறது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படித் தோன்றுவதற்கு நியாயமும் இருக்கிறது. தேனூர், சோழவந்தான் பக்கம் விடிகாலையில் நெல் வயல் வரப்பில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு தாளின் நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். பனி என்று சொல்லிக் கடந்துவிடுவோம். பனி என்றால் இலை முழுவதும் பூத்திருக்க வேண்டும். இதுவோ நுனியில் முத்து முத்தாக நிற்கிறது. இரவில் வேர் தள்ளிய தண்ணீர், இலை நுனியில் இருக்கும் நுண்ணிய வாய்கள் வழியாகக் கசிந்தது அது. சேப்பங்கிழங்கு இலையில் இன்னும் தாராளமாகச் சொட்டும். வாழைத்தார் வெட்டிய பிறகு நிற்கும் அடிக்கட்டையைக் குடைந்து வைத்து, மறுநாள் காலையில் ஊறியிருக்கும் நீரை எடுத்துக் கல்லடைப்புக்குக் குடிக்கிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. மருந்தாக அது எவ்வளவு பலிக்கும் என்பதை வைத்தியர்களுக்கு விட்டுவிடுவோம். ஆனால், வெட்டிய கட்டையில் தண்ணீர் ஊறுவது வேர் தள்ளுவதால்தான். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தவர்களுக்கும் இது தெரியும். வெட்டுவாயில் நீர் வடியும்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதைத்தான் முதலில் அளந்து பார்த்தார். வெட்டிய திராட்சைக் கொடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று குறித்தார். 1727-ல் அவர் வெளியிட்ட 'வெஜிடபிள் ஸ்டேட்டிக்ஸ்' என்ற நூல்தான் தாவர உடலியலுக்கு அடித்தளம் என்பார்கள். அதே நூலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியில் வைத்து, தொட்டியின் வாயை அடைத்து, காலையிலும் மாலையிலும் எடை போட்டார். ஒரு பகலில் அந்தச் செடி சராசரியாக அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரைக் காற்றில் விட்டிருந்தது. எடைக்கு எடை பார்த்தால் மனிதனுக்கு வியர்ப்பதைவிடப் பல மடங்கு. வேர் தள்ளுவதைக் காட்டிலும் இலை விடுவதில்தான் விஷயம் இருக்கிறது என்று அவருக்கு அப்போதே பட்டிருக்கிறது.

வேரின் தள்ளுதலில் இரண்டு குறைகள். உயரமான மரத்தின் உச்சிவரை ஏற்ற அதன் பலம் பெரும்பாலும் போதாது. அதைவிட முக்கியமானது, நல்ல வெயில் நேரத்தில், அதாவது செடிக்குத் தண்ணீர் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், அது இல்லாமலே போய்விடுகிறது. இரவில் ஈரக்காற்று இருக்கும்போதுதான் அதன் ஆட்டம். அப்படியானால் சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், எண்பது அடித் தென்னைக்குத் தண்ணீர் ஏற்றுவது யார்?

இதைப் புரிந்துகொள்ள மதுரைப் பக்கத்துச் சம்சாரிக்கு அதிகப் படிப்பு வேண்டாம். கிணற்று மோட்டார் அவருக்குப் பாடம் சொல்லும். மேட்டில் இருக்கும் மோட்டார், கிணற்றில் தண்ணீர் இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் இழுக்காமல் திணறும். மோட்டாரை இறக்கு என்பார்கள். கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கி வைப்பார்கள். எவ்வளவு நல்ல மோட்டார் என்றாலும், மேலிருந்து உறிஞ்சி ஏற்ற இயற்கை வைத்த எல்லை 34 அடி. குழாயில் உறிஞ்சும்போது உண்மையில் தண்ணீரை ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தம். அந்த அழுத்தத்தின் பலம் அவ்வளவுதான். இழுவைக் குழாயில் துளி காற்று புகுந்தாலும் "ஏர் பிடிச்சிருச்சு" என்று ஃபுட் வால்வைப் பார்த்து, தண்ணீர் ஊற்றி நிரப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். இந்த இரண்டையும், 34 அடியையும் ஏர் பிடிப்பதையும், நினைவில் வைத்துக்கொண்டு மரத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயரிட்ட ரெட்வுட் மரம் 380 அடி உயரம் நிற்கிறது. அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போய்ச் சேர்கிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சத்தம்கூட இல்லை.

முதலில் குழாயைப் பார்த்துவிடுவோம். அதற்கு ஆய்வுக்கூடம் போக வேண்டாம், சமையலறை போதும். வாழைத்தண்டு நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் அடுத்த வில்லைக்கும் நடுவே மெல்லிய நார் இழுபடும். நம் வீட்டுப் பெண்கள் அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு அடுத்த வில்லையை அரிவார்கள். அடுத்த முறை அந்த நாரில் ஒன்றை மெல்ல இழுத்து, பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி கிடைத்தால் அதன் கீழே வைத்துப் பாருங்கள். நேரான நூலாக இருக்காது. சுருள் சுருளாக இருக்கும். தண்ணீர் ஏறிய குழாயின் உட்சுவரில் அந்தச் செடி சுற்றி வைத்திருந்த சுருள் அது. குழாய்க்குள் இழுவை பலமாக இருக்கும்போது சுவர் உள்பக்கமாகச் சப்பிப் போகக்கூடாது. அதேசமயம் தண்டு வளர வளரக் குழாயும் நீண்டு கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு. தாமரைத் தண்டை ஒடித்து இழுத்தால் வரும் நூலும் இதே வகைச் சுருள்தான். அதில்தான் விளக்குக்குத் தாமரைத் திரி செய்கிறார்கள்.

மதுரையில் மல்லிகைச் சரம் தொடுக்கிற வாழைநார் இருக்கிறதே, அதிலும் இந்தக் கதை இருக்கிறது. வாழையின் வெளியே தெரிவது தண்டே கிடையாது. இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றை ஒன்று தழுவிச் சுற்றியது. அந்தப் பட்டையைக் காயவைத்துக் கிழித்தால் நார் வரும். இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய்க் கற்றைகளும் அவற்றைத் தாங்கி நின்ற இழைகளும் சேர்ந்ததுதான் அந்த நார். பூக்கட்டுகிற அக்கா அதைத் தண்ணீரில் நனைத்து, பதமாக்கி, மொக்கை வைத்து முடிச்சுப் போடுகிறார்.

பாடப்புத்தகத்தில் இந்தக் குழாய்களைச் சைலம் என்று படித்திருப்பீர்கள். படித்த காலத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். சைலக் குழாய் வேலை செய்யத் தொடங்குவது அதன் செல்கள் செத்த பிறகுதான். செல் வளர்கிறது, சுவரைக் கெட்டிப்படுத்துகிறது, பிறகு தனக்குள் இருந்த உயிர்ப்பொருள் அத்தனையும் கரைந்துபோகச் செய்து தன்னைக் காலி செய்துகொள்கிறது. மேலும் கீழும் இருந்த தடுப்புகள் திறந்துகொள்கின்றன. எஞ்சுவது வெறும் சுவர். உயிருள்ள மரத்தின் தண்ணீர் உயிரற்ற குழாயில் ஏறுகிறது.

இதை நம்ப முடியாமல் பலர் தவித்தார்கள். ஜெர்மனியின் பான் நகரில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் 1890-களின் தொடக்கத்தில் அதிரடியாக ஒரு சோதனை செய்தார். சுமார் 70 அடி உயர ஓக் மரத்தை அடியில் அறுத்து, அறுத்த வாயை விஷக் கரைசலில் நிறுத்தினார். வழியில் இருந்த உயிர்ச் செல்களை எல்லாம் கொன்றுகொண்டே அந்தக் கரைசல் மேலே ஏறியது. இலைகளை எட்டிய பிறகும் ஏறியது. இலைகள் சாகும்வரை ஏற்றம் நிற்கவில்லை. வேர் இல்லை, தண்டில் உயிர் இல்லை. இருந்தும் ஏறியது என்றால் இழுத்தது யார் என்பது தெளிவாகிவிட்டதல்லவா?

டப்ளினிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்த ஹென்றி டிக்சன், அவருடைய நண்பர் ஜான் ஜோலி என்ற இயற்பியலாளர், இருவரும் 1894-ல் விடையைச் சொன்னார்கள். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வெயில் பட்டதும் அவை திறந்து, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்குகின்றன. செடிக்குச் சோறு அதிலிருந்துதான். துளை திறந்திருக்கும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுவதைத் தடுக்க முடியாது. இலைக்குள் செல்களின் சுவரில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளில் தண்ணீர் காயக் காய, பின்னால் நிற்கும் தண்ணீரை அது இழுக்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. மேலே ஒன்று நகர்ந்தால் அடுத்தது கூடவே வருகிறது. அதன் பின்னால் அடுத்தது. இலை நுனியில் விழுகிற இழுப்பு கிளை, தண்டு, வேர் என்று இறங்கி மண்ணுக்குள் இருக்கும் ஈரம்வரை போய்ச் சேர்கிறது.

நம் மோட்டாருக்கு இருக்கும் 34 அடி எல்லை மரத்துக்கு ஏன் இல்லை என்பதும் இதில் விளங்கும். மரம் காற்றழுத்தத்தை நம்பி நிற்கவில்லை. நூலைப் பிடித்து இழுப்பதுபோலத் தண்ணீரையே பிடித்து இழுக்கிறது. இறைக்கும் சக்தி முழுவதும் வெயிலும் காற்றும் கொடுப்பது. செடி அதற்காகச் செலவழிப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை, தண்ணீரைத் தவிர. வேர் எடுக்கும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படி ஆவியாகவே போய்விடுகிறது. தன் உடம்பில் செடி வைத்துக்கொள்வது மிகச் சொற்பம்.

இழுவையை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு 1965-ல் பெர் ஸ்காலண்டர் என்பவரும் குழுவினரும் பதில் தந்தார்கள். வெட்டிய கிளையை இரும்புக் கலத்துக்குள் அடைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த அழுத்தத்தில் வெட்டுவாயில் நீர் பனிக்கிறதோ, அதே அளவு இழுவை அந்தக் கிளைக்குள் இருந்தது என்று கொள்ளலாம். உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளைப் பறிக்க முடியாமல், குறிபார்த்துச் சுடத் தெரிந்தவரை அழைத்து வந்து துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்களாம். பகல் வெயிலில் சாதாரண மரங்களிலேயே காற்றழுத்தத்தைப்போல் பத்து, இருபது மடங்கு இழுவை இருப்பது தெரிந்தது. அலையாத்தி மரங்களில் இன்னும் அதிகம். நம் பிச்சாவரத்துச் சுரபுன்னை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு நல்ல தண்ணீரைப் பிரித்து இழுக்க வேண்டுமே!

டிக்சனும் ஜோலியும் சொன்ன இந்த இழுவைக் கொள்கையை நம் நாட்டு அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் ஏற்கவில்லை. கல்கத்தாவில் 1917-ல் தாம் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே பல ஆண்டுகள் உழைத்து, 1923-ல் சாறேற்றம் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். தண்டுக்குள் இருக்கும் உயிர்ச் செல்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்பது அவர் முடிவு. ஸ்ட்ராஸ்பர்கரின் செத்த தண்டுக்கு அதில் பதில் இல்லை. பிற ஆய்வாளர்களின் சோதனைகளும் அவர் பக்கம் நிற்கவில்லை. நம் நாட்டு மேதை என்பதற்காக அவர் சொன்னதை எல்லாம் சரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாவரம் உணர்வுள்ளது, துலங்கல் உள்ளது என்று அவர் கருவி கட்டிக் காட்டியது நிற்கிறது. சாறேற்றத்தில் டிக்சனும் ஜோலியும் சொன்னதே நிற்கிறது. மரியாதை குறையாமல் இரண்டையும் சொல்லலாம்.

இப்போது ஏர் பிடிக்கும் கதைக்கு வருகிறேன். இவ்வளவு விறைப்பாக இழுக்கப்பட்ட நீர்ச்சரடு அறுந்தால்? அறும். மண் காய்ந்து, வெயில் கொளுத்தி, இழுவை எல்லை மீறும்போது குழாய்க்குள் குமிழ் விழுந்து சரடு தெறிக்கும். அந்தக் குழாய் அத்தோடு வேலைக்கு ஆகாது. 1966-ல் ஜான் மில்பர்னும் ஜான்சனும் இந்தத் தெறிப்பைக் காதால் கேட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி, நம் ஊர் வேலியோரத்தில் யாரும் சீண்டாமல் வளரும் ஆமணக்கு. வெட்டிய ஆமணக்கு இலையில் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்தி, இலை வாட வாட 'டிக், டிக்' என்று ஒவ்வொரு குழாயாக அறுபடுவதைப் பதிவு செய்தார்கள். 2023-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளிச் செடியும் புகையிலைச் செடியும் நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஒலி எழுப்புவதைச் சற்றுத் தள்ளி வைத்த மைக்கிலேயே பிடித்தார்கள். வாடும் செடி 'கத்துகிறது' என்று செய்தித்தாள்கள் எழுதின. கத்தல் என்பது அதிகம். குழாய்க்குள் குமிழ் வெடிப்பதே அந்த ஒலிக்குக் காரணமாக இருக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

ஒரு குழாயில் ஏர் பிடித்தால் மரம் முழுவதும் நின்றுவிடுவதில்லை. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய சல்லடைச் சவ்வுகள் இருக்கின்றன. தண்ணீரை விடும், குமிழை விடாது. தண்ணீர் பக்கத்துக் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். வேம்பும் புளியும் ஆண்டுதோறும் புதுக் கட்டை போட்டுப் புதுக் குழாய்களைச் செய்துகொள்ளும். பனைக்கும் தென்னைக்கும் அந்த வசதி இல்லை. அவற்றின் தண்டு ஒருமுறை உருவானால் உருவானதுதான். புது வளையம் கிடையாது. அடிமரத்தில் இருக்கும் குழாய்கள் அந்த மரம் குட்டியாக இருந்தபோது உண்டானவை. தாத்தா காலத்துப் பனை இன்றும் அதே குழாயில் தண்ணீர் ஏற்றுகிறது. நூறு கோடையில் அவற்றை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது? இரவில் வேர் அழுத்தம் குமிழ்களைக் கரைத்து நிரப்புகிறதா என்ற கேள்வியை நம் நாட்டுத் தென்னை ஆய்வாளர் டி.ஏ. டேவிஸ் தீவிரமாக எடுத்துக்கொண்டார். 1961-ல் பனைக் குடும்ப மரங்களின் வேர் அழுத்தம் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1973-ல், ஆமணக்கின் டிக்டிக்கைக் கேட்ட அதே மில்பர்னோடு சேர்ந்து தென்னையை ஆராய்ந்தார். நம் மாநில மரமான பனைக்குள்ளும் இப்படி ஓர் ஆய்வுப் பொருள் நின்றுகொண்டிருக்கிறது. (பதநீர் இந்தக் குழாயில் வருவது அல்ல. அது இலை சமைத்த சர்க்கரையைக் கொண்டுபோகும் வேறு குழாயிலிருந்து, பாளையைச் சீவும்போது வடிவது.)

நம் சம்சாரிகள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் கையாண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கத்தரி, மிளகாய் நாற்றை வெயில் தாழ்ந்த பிறகே நடுகிறார்கள். பிடுங்கும்போது வேர் அறுந்த நாற்றை ஓர் இரவாவது இழுவையிலிருந்து காப்பாற்றுவதற்கு. சோழவந்தான் கொடிக்காலில் அகத்தியை நெருக்கமாக வளர்த்து நிழல் கட்டுகிறார்கள். உள்ளே நுழைந்தாலே உடம்பில் குளிர்ச்சி தெரியும். காற்று ஈரமாகவும் அசையாமலும் இருந்தால் வெற்றிலை இழக்கும் நீர் குறையும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியை விடியலுக்கு முன் பறிக்கிறார்கள். இரவு முழுவதும் இலைத்துளைகள் மூடிக்கிடக்க, இழுவை தளர்ந்து, மொக்கு தண்ணீர் நிறைந்து கெட்டியாக இருக்கும் நேரம் அது. மாலையில் கொண்டையில் மலர்வதற்கான தண்ணீரை அந்த மொக்கு விடியலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது.

இனி, கடிதம் எழுதிய அம்மா, உங்களுக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். வயலில் கீரை வெயிலில் இழந்தது. இழந்ததை வேர் அப்போதைக்கப்போது ஈடு செய்தது. உங்கள் வீட்டு நிழலில் கொஞ்சமாகத்தான் இழக்கிறது. ஆனால் ஈடு செய்ய வேர் இல்லை. மேலே தெளிக்கும் தண்ணீர் காற்றை ஈரமாக்கி இழப்பைக் குறைக்கும். இலைக்குள் பெரிதாகப் போய்ச் சேராது. தண்டை அறுக்கும்போது உள்ளே விறைத்திருந்த நீர் மேலே சுருண்டுகொள்ள, வெட்டுவாய் வழியாகக் காற்று ஏறிவிட்டிருக்கும். ஏர் பிடித்த குழாயைத் தண்ணீரில் வைத்தாலும் சரியாக இழுக்காது. ஆகவே, மல்லித்தழை, புதினாவை வாங்கி வந்ததும் ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அடித்தண்டை முக்கி, தண்ணீருக்குள்ளேயே இரண்டு விரற்கடை நறுக்கிவிடுங்கள். பிறகு அப்படியே ஒரு சொம்பில் நிறுத்தி, காற்றோட்டம் இல்லாத நிழலில் வையுங்கள். மேலே ஒரு பாலிதீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்தால் இன்னும் நல்லது. அரைக்கீரையையும் இப்படியே செய்யலாம். நீளக் காம்புள்ள ரோஜா, சம்பங்கிக்கும் இதே வழிதான்.

மாடியில் தோட்டம் போட்டிருப்பவர்களுக்கும் ஒரு சொல். உச்சிவெயிலில் கத்தரி இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால், இலை இழக்கும் வேகத்துக்கு வேர் கொடுக்கும் வேகம் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். மேலே மேலே ஊற்றினால் மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேர் இருக்கிற தண்ணீரையும் எடுக்காது. நீரில் நின்றுகொண்டே வாடும் செடியை அப்படித்தான் உண்டாக்குகிறோம்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு சோதனை. வெள்ளைச் சம்பங்கித் தண்டு இரண்டு வாங்குங்கள். நீல மை கலந்த தண்ணீரில் தனித்தனியாக நிறுத்துங்கள். ஒன்றை மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இன்னொன்றைப் பை போட்டு மூடுங்கள். எது முதலில் நீலம் ஏறுகிறது என்று பிள்ளைகளே பார்த்துக் குறிக்கட்டும். காசித்தும்பைத் தண்டு கிடைத்தால் இன்னும் சிறப்பு. கண்ணாடிபோன்ற அந்தத் தண்டுக்குள் நிறம் ஏறுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். என்ன பார்த்தார்கள் என்று அவர்கள் கைப்பட எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

கடைசியாக, பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரை நகருக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தெருவோர மரங்களின் அடிமரத்தை ஒட்டியே சிமென்ட் போடுகிறோம், பேவர் கல் பதிக்கிறோம். இலை எவ்வளவு இழுத்தாலும் வேருக்குத் தண்ணீரும் காற்றும் இறங்க வழி இருந்தால்தானே மேலே ஏறும்? டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் இருக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. நமக்கு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வாசல் வேம்பை, பள்ளிக்கூடத்துப் புங்கை, கோயில் திடல் அரசை இந்த வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடியில் மண் தெரியவில்லை என்றால் வார்டு உறுப்பினரிடமோ பேரூராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலோ எழுதிக் கொடுத்து, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமென்டைப் பெயர்த்துவிடச் சொல்லுங்கள். சொந்த இடம் என்றால் நீங்களே பெயர்த்துவிடுங்கள். வேரை வெட்டாமல், கடப்பாரையை மெதுவாகப் போட்டு. கோடை முற்றுவதற்குள் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்